ஐம்பத்து நான்கு கோழிக்கான மருந்து

நாமக்கல்லிலிருந்து மோகனூர் போகும் ரோட்டில் என் பேச்சை நம்புகிறவர்கள் இரண்டே பேர் இருந்தார்கள். ஒருவர் காலமாகிவிட்டார். இன்னொருவன் என் மனைவியின் தம்பி அப்புசாமி. அவனும் போன ஆவணியில் சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில், ஏழாம் நம்பர் கட்டிலில் நினைவு தப்பிக் கிடந்தான்.

மற்றவர்கள் நம்பாததற்கு நானே காரணம் என்பார்கள். எங்கள் பண்ணையில் இருந்த ஒரு கோழி, கரண்ட் போவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் கொக்கரிக்கும். லைன்மேன் அதற்கு ஃபோன் பண்ணி, "இன்னிக்கு எத்தனை மணிக்குங்க?" என்று கேட்டுக்கொண்டுதான் கம்பத்தில் ஏறுவார். இது நடந்தது. திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்து எங்கள் காட்டில் ஆயிரத்து நானூறு அடி போர் போட்டபோது, குழிக்குள்ளிருந்து ஒருவர், "யாரது மேலே, மனுசன் தூங்கறதா வேண்டாமா?" என்று சத்தம் போட்டார். இதற்கு ரிக் டிரைவரே சாட்சி. அவர் இப்போது ஆப்பிரிக்காவில் போர் போட்டுக்கொண்டிருப்பதால் கூப்பிட முடியவில்லை.

அப்புசாமியின் ஈரல் சுருங்கிக் கெட்டிப்பட்டுப் போயிருந்தது. சிரோசிஸ் என்றார்கள். அந்தப் பெயரைக் கேட்டதும் ஊர் அவனைக் குடிகாரனாக்கிவிட்டது. அவன் வாயில் பட்ட ஒரே போதை வஸ்து இருமல் டானிக். குடித்தவன் நான். முப்பது வருஷம் லீவு போடாமல் குடித்துவிட்டு, சலித்துப் போய் நிறுத்தினேன். என் ஈரலை ஸ்கேன் எடுத்த டாக்டர் அந்தப் படத்தை ஃபிரேம் போட்டு வைத்திருக்கிறார். அப்புசாமிக்கு வந்தது சர்க்கரையாலும் ஈரலில் சேர்ந்த கொழுப்பாலும். அவன் மனைவி சென்னியம்மாள், "குடியாலே வந்ததில்லைன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க டாக்டர், லேமினேஷன் பண்ணிப் பண்ணை கேட்டுல கட்டிர்றேன்" என்று கேட்டுப் பார்த்தாள். அப்படிச் சீட்டு கொடுக்க வழியில்லையாம்.

ஆடி மாதக் கடைசியில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. வயிற்றிலும் லேசான வலி. அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் உள்ளூர் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, வயிற்றில் கட்டியிருந்த தண்ணீரில் ஆறு லிட்டரை இறக்கி அனுப்பியிருந்தார்கள். காய்ச்சல் வந்தால் உடனே வர வேண்டும் என்று சீட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டிருந்தார்கள். அப்புசாமி அந்தச் சீட்டை நிதானமாகப் படித்தான். மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். பிறகு என்னைக் கோழிக் கொட்டகைக்குக் கூட்டிப் போனான்.

"மச்சான், மறுக்காப் போனா மறுக்காப் படுக்க வெச்சிருவாங்க. உப்பில்லாத சோறு. என்னால ஆகாதுங்க."

"அப்பறம் என்ன பண்றது மாப்ள?"

அவன் அலமாரியில் இருந்த வெள்ளைக் கேனைக் காட்டினான். கோழிகளுக்குக் கழிச்சலோ சளியோ வந்தால் குடிதண்ணீரில் கலக்கிக் கொடுக்கிற மருந்து. "இருவதாயிரம் உசுரக் காப்பாத்துது. என்ற ஒத்த உசுரக் காப்பாத்தாதுங்களா?"

வேறு தொழில் செய்கிறவனாக இருந்தால் மெடிக்கல் ஷாப்புக்காவது போயிருப்பான். பண்ணைக்காரனுக்குப் பண்ணை அலமாரிதான் தெரியும். அளவு எவ்வளவு என்பதில்தான் சிக்கல் வந்தது. கேனில் கோழிக்கு மட்டுமே அளவு போட்டிருந்தது. கணக்கில் நான் கெட்டிக்காரன். ஒரு முட்டைக் கோழி ஒன்றரைக் கிலோ. அப்புசாமியைத் தீவனத் தராசில் ஏற்றினேன். எண்பத்திரண்டு கிலோ காட்டியது. வகுத்தேன். ஐம்பத்து நான்கு கோழியும், அதற்கு மேல் முக்கால் கோழிக்குக் கொஞ்சம் குறைவாகவும் வந்தது. மிச்சத்தைத் தள்ளிவிட்டோம். முழுசாக இல்லாத கோழிக்கு மருந்து கொடுக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை.

"சென்னிக்குத் தெரிய வேண்டாமுங்க" என்று என் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டான்.

நான்கு நாளில் காய்ச்சல் இறங்கியது. நான் என்னை மருத்துவனாகவே நினைக்கத் தொடங்கியிருந்தேன். ஏழாம் நாள் காய்ச்சல் திரும்பி வந்தது. பதினோராம் நாள் காலையில் அப்புசாமி சாப்பிட உட்கார்ந்தவன், இட்லியைப் பார்த்து, "ஒம்பதாம் நம்பர் கொட்டகைக்கு இன்னும் தீவனம் போகலையா?" என்று அதட்டினான். எங்களிடம் இருப்பது ஆறு கொட்டகை. கை சில்லிட்டிருந்தது. ஆம்புலன்சில் சேலம் போய்ச் சேரும்போது ரத்த அழுத்தம் மேலே எழுபது, கீழே நாற்பது.

தீவிர சிகிச்சைப் பிரிவின் டாக்டர் சுகன்யா, கெங்கவல்லிப் பக்கத்துப் பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். நின்ற இடத்தில் நின்று பேசமாட்டார்; நாம்தான் கூடவே நடக்க வேண்டும். சென்னியம்மாளும் நானும் நடந்தோம்.

"வயித்துல இருக்கற தண்ணியில கிருமி பூந்துடுச்சும்மா. அது ரத்தத்துல பரவி பி.பி.யைக் கீழ தள்ளிடுச்சு. செப்டிக் ஷாக்னு சொல்லுவோம். ஈரல் நல்லா இருக்கறவங்களுக்கே பெரிய கண்டம் இது. இவருக்கு ஈரல்ல தெம்பே இல்ல."

"நூத்துக்கு எத்தனை பேருங்க பொழைக்கறாங்க?" என்று நான் கேட்டேன்.

"பாதிக்கும் கம்மிதான் ஐயா. ஆனா பொழச்சுப் போறவங்க இருக்காங்க. நான் அவங்கள நெனச்சுக்கிட்டுதான் வேலை பாக்கறேன்." ஒரு நொடி நடையைக் குறைத்தார். "இதுக்கு முன்னாடி என்ன மருந்து எடுத்தாரு? நாட்டு மருந்து, லேகியம், பஸ்பம், கடையில கேட்டு வாங்கின மாத்திரை, எதா இருந்தாலும் சொல்லுங்க."

"ஒண்ணுமே இல்லீங்க" என்றாள் சென்னியம்மாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

நான் சுவரிலிருந்த ஏ.சி.யைப் பார்த்தேன். உள்ளங்கையில் அடித்த சத்தியத்தை நினைத்து வாயைத் திறக்கவில்லை என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். அது காரணமில்லை. சென்னியம்மாளுக்குப் பயந்தேன். வகுத்தல் கணக்குப் போட்டது நான் அல்லவா?

உள்ளே அவர்கள் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். வயிற்றுத் தண்ணீரில் கொஞ்சம் உறிஞ்சிக் கிருமி வளர்கிறதா என்று பார்க்க அனுப்பினார்கள். கிருமிக்கு ஒரு மருந்து, ரத்த அழுத்தத்தைத் தூக்கி நிறுத்த ஒரு மருந்து, அது போக ஆல்புமின் பாட்டில். ஆல்புமின் என்றதும் சென்னியம்மாள் முகம் தெளிந்தது. நாமக்கல்காரர்களுக்கு ஆல்புமின் என்றால் முட்டையின் வெள்ளைக்கரு.

"நம்ம பண்ணை முட்டையவே கொண்டாந்து தரட்டுங்களா?" என்று நர்ஸ் அன்புச்செல்வியிடம் கேட்டாள்.

"இது மனுச ரத்தத்துல இருந்து எடுக்கறதும்மா. முட்டைய அவரு எழுந்து உக்காந்த பின்னாடி குடுங்க" என்றாள் அன்புச்செல்வி. எழுந்து உட்கார்வது முடிந்துபோன விஷயம் போல அவள் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது.

இரண்டாம் நாள் காலை எட்டு மணிக்கு நிலைமை மோசமானது. அழுத்தத்தைத் தூக்கும் மருந்தைக் கூட்டி, இரண்டாவதாக இன்னொன்றும் சேர்த்திருந்தார்கள். சிறுநீர் பையில் துளித்துளியாகத்தான் சேர்ந்தது. வயிற்றுத் தண்ணீரில் சீழ் அணுக்கள் ஏராளமாக இருந்தும் கிருமி எதுவும் வளரவில்லை. டாக்டர் சுகன்யா முதல் முறையாக நின்றுகொண்டே பேசினார். "பாக்க வேண்டியவங்கள வந்து பாக்கச் சொல்லிடுங்கம்மா."

எங்கள் பக்கத்தில் இப்படி ஒரு சொல் வந்தால் போதும். பத்து மணிக்குள் மூன்று வண்டி நிறைய உறவுக்காரர்கள் வந்து இறங்கிவிட்டார்கள். எல்லோர் கையிலும் சாத்துக்குடி. அவர்களுக்குத் தலைமை தாங்கி வந்தவர் நவநீதகிருஷ்ணன். அப்புசாமியின் பெரியப்பா மகன். வரப்புத் தகராறில் பதினோரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர். சாவு என்றால் பகையை மறக்கிற பெருந்தன்மை அவருக்கு உண்டு.

"மூச்சு இருக்கறப்பவே ஊட்டுக்குக் கொண்டு போயிரலாமுங்க. வெளியூர்ல வெச்சு எதாவது ஆனா நம்ம மொறைக்கு நல்லா இருக்காது" என்றார். பெரியவர்கள் தலையாட்டினார்கள். எங்கள் வழக்கம் அது: உயிர் சொந்த வீட்டில்தான் பிரிய வேண்டும். வாசலில் கட்டில் போடச் சொல்லியாகிவிட்டது. ஆம்புலன்ஸ் பன்னிரண்டு மணிக்கு வரும். சென்னியம்மாள் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

அவள் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. பேனா மூடியைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தாள்.

நான் எழுந்து போய் டாக்டர் முன்னால் நின்றேன். "டாக்டரம்மா, அவன் மருந்து எடுத்தானுங்க. கோழி மருந்து. பத்து நாள். தெனமும் அம்பத்தி நாலு கோழிக்கு உண்டானது."

பின்னாலிருந்து நவநீதகிருஷ்ணன், "இங்கயுமாங்க மாமா?" என்றார். "ஒரு உசுரு போற எடத்துலயாச்சும் வாயக் கட்டிக்கிட்டு இருக்கக் கூடாதுங்களா?"

"அண்ணா" என்றாள் சென்னியம்மாள். அவள் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். "வெளையாடற நேரமுங்களா இது?"

டாக்டர் சுகன்யா அன்புச்செல்வியைப் பார்த்தார். அன்புச்செல்வி என்னைக் கண்ணால் காட்டி, "நேத்து எங்கிட்ட ஒரு கோழி கரண்ட் ஆபீசுக்குப் ஃபோன் பேசும்னு சொன்னாரு மேடம்" என்றாள். அது தவறு. ஃபோன் பண்ணியது லைன்மேன். ஆனால் திருத்துவதற்கு நேரமில்லை.

என் வாழ்நாளில் அன்றைக்கு மாதிரி நான் தவித்ததில்லை. பொய் சொல்லும்போது எனக்கு வார்த்தை தானாக வரும்; உண்மையைச் சொல்லும்போது நாக்கு ஒட்டிக்கொண்டது. தீவனத் தராசைச் சொன்னேன், எண்பத்திரண்டு கிலோவைச் சொன்னேன், தள்ளிவிட்ட மிச்சத்தைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது என் கதை மாதிரிதான் கேட்டது.

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எப்டி குடிச்சாரு?" என்றார். சோதிக்கத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன்.

"கோழிக்குக் குடுக்கற மாதிரியேதானுங்க. காத்தால ரெண்டு மணி நேரம் தண்ணி லைனை மூடிருவோம். தாகத்துல இருந்தாத்தான் மருந்துத் தண்ணிய மிச்சம் வெக்காம ஒரே மூச்சுல குடிக்கும். அவனும் அப்படியே அஞ்சு மணிக்கு எந்திரிச்சு, ஏழு மணி வரைக்கும் தண்ணி தொடாம இருந்து..."

பெஞ்சின் கால் தரையில் உரசிய சத்தம் கேட்டது. சென்னியம்மாள் எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

"டாக்டரம்மா, பத்து நாளாக் காத்தால டீ வேண்டாம், தண்ணி வேண்டாம்னாருங்க. ஏழு மணி ஆனதும் கொட்டகைக்குப் போயிட்டு வந்துதான் டீ கேப்பாரு. எதாவது வேண்டுதலையா இருக்கும்னு நானும் கேக்காம உட்டுட்டேன்." என் பக்கம் திரும்பினாள். "அண்ணா, சாமி மேல சத்தியமாச் சொல்லுங்க. கோழி மருந்தா?"

"ஆமாம் அம்மிணி. கணக்குப் போட்டவன் நான்தான்."

அவள் பார்த்த பார்வையை இங்கே எழுதப் போவதில்லை. அச்சகத்தில் காகிதம் பொசுங்கிவிடும்.

டாக்டர் நடக்கத் தொடங்கிவிட்டார். "கேன் எங்க? அதுல ஒட்டியிருக்கறதப் ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. இப்பவே."

பண்ணையில் வேலை பார்க்கும் மாரிக்குப் ஃபோன் போட்டேன். "மாரி, அலமாரியில இருக்கற வெள்ளைக் கேனப் ஃபோட்டோ எடு. உங்க மொதலாளி அதைத்தான் குடிச்சுப் படுத்துக் கெடக்கறாரு" என்றேன். அந்தப் பக்கம் மாரி சிரிக்கிறான். "போங்கய்யா, போன வாரம் கோழி இங்கிலீஷ் பேசுதுன்னு என்ன ஓட வெச்சீங்க" என்கிறான். சென்னியம்மாள் என் கையிலிருந்து ஃபோனைப் பிடுங்கி, "மாரி" என்றாள். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு நிமிஷத்தில் நாலு பக்கமும் எடுத்த ஃபோட்டோ வந்துவிட்டது. கேனுக்குப் பக்கத்தில் மாரியே பயந்த முகத்தோடு நிற்கிற ஒன்றும் சேர்ந்து வந்தது.

டாக்டர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு எங்களுக்கும் புரிகிற மாதிரிச் சொன்னார். பத்து நாள் அந்த மருந்து உள்ளே போனதால் அதற்குச் சாகிற கிருமி செத்துவிட்டது. சாகாதது மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் அது வளராமல் ஒளிந்துகொண்டதும், நேற்றுப் போட்ட மருந்துக்கு அசையாததும் இதனால் இருக்கலாம்.

"ஒரே மருந்தத் திரும்பத் திரும்பக் குடுத்தா கொட்டகையில கேக்காதுங்களே, அந்த மாதிரிங்களா?" என்றேன்.

"அதே மாதிரிதான். அது தெரிஞ்சுமா குடுத்தீங்க?" என்றார் டாக்டர். நான் மறுபடியும் ஏ.சி.யைப் பார்த்தேன். "அதுவும் எண்பத்திரண்டு கிலோவுல பத்து கிலோ வயித்துத் தண்ணி ஐயா. அதுக்கும் சேத்து மருந்து குடுத்திருக்கீங்க."

ஆக ஆறு கோழிக்குக் கூடுதலாகப் போயிருக்கிறது. மனதுக்குள் வகுத்துப் பார்த்தேன், வெளியே சொல்லவில்லை.

"கிருமி மருந்த மாத்தப் போறேன்மா" என்று டாக்டர் சென்னியம்மாளிடம் சொன்னார். "ரெண்டு நாள் டைம் குடுங்க. சத்தியம் பண்ணித் தர மாட்டேன். ஆனா இப்ப எதை அடிக்கணும்னு எனக்குத் தெரியுது. நேத்து அது தெரியல."

அப்போது நவநீதகிருஷ்ணன் மெதுவாக வந்து, "ஆம்புலன்ஸ் வந்து கீழ நிக்குதுங்க. மொறைன்னு ஒண்ணு இருக்குதுங்களே" என்றார்.

சென்னியம்மாள் பேனாவுக்கு மூடி போட்டாள். "சும்மா திருப்பி அனுப்ப வேண்டாமுங்க கொழுந்தனாரே. நீங்க ஏறிப் போங்க. வாசல்ல கட்டிலும் போட்டுத்தான் இருக்குது."

அவர் போகவில்லை. நான்கு நாள் எங்களோடுதான் இருந்தார். அதைச் சொல்லத்தான் வேண்டும்.

அன்று பிற்பகலில் எந்த மாற்றமும் இல்லை. மறுநாள் காலை அன்புச்செல்வி வெளியே வந்து, "ஒரு மணி நேரத்துல இருவத்தஞ்சு மில்லி" என்றாள். அப்புசாமியின் சிறுநீர் அளவு. நாமக்கல்லில் அன்றன்றைக்கு முட்டை விலை வருவதை எப்படிக் காத்திருந்து கேட்போமோ அப்படி முப்பது பேர் வராந்தாவில் அதைக் காத்திருந்து கேட்டார்கள். பதினோரு மணிக்கு முப்பத்தைந்து. இரண்டாவது அழுத்த மருந்தை நிறுத்திவிட்டார்கள். மூன்று மணிக்கு அறுபது. நாங்கள் போட்ட சத்தத்தில், கீழே போய்க்கொண்டிருந்த அயோத்தியாப்பட்டணம் டவுன் பஸ் யாரோ விசில் கொடுத்ததாக நினைத்து நின்று, ஆஸ்பத்திரிக் காவலாளியை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. அவர் மாலையில்தான் திரும்பினார்.

நான்காம் நாள் அழுத்த மருந்து மொத்தமும் நின்றது. மேலே நூற்றுப் பத்து, கீழே எழுபது. சொந்தக் காலில் நிற்கிற அழுத்தம் என்றார் டாக்டர். மூளையில் ஏறியிருந்த நஞ்சு இறங்க மருந்து கொடுத்து, தினமும் நாலைந்து தடவை வயிற்றைப் போக வைத்தார்கள். அதையும் வராந்தாவில் எண்ணினோம்.

டாக்டர் சுகன்யா சென்னியம்மாளையும் என்னையும் கூட்டிக்கொண்டு நடந்தார். நடையில் பழைய வேகம் வந்திருந்தது. "தாண்டிட்டாரும்மா. ஆனா ஈரல் அதே பழைய ஈரல்தான். மாற்று ஈரல் வெக்க முடியுமான்னு பாக்கற டாக்டருக்கு எழுதித் தரேன், அடுத்த வாரமே போயிடுங்க. இனிமே காய்ச்சல் வந்தா ஒரு மணி நேரம்கூட ஊட்டுல வெச்சிருக்கக் கூடாது."

"வெக்க மாட்டனுங்க. அந்தக் கேன் இருந்த அலமாரியையே ஒடைக்கச் சொல்லிட்டேன்" என்றாள் சென்னியம்மாள்.

ஐந்தாம் நாள் காலை ஒன்பது மணிக்கு எனக்கு உள்ளே போக ஐந்து நிமிஷம் கிடைத்தது. அப்புசாமி கண்ணைத் திறந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தான். ஆக்சிஜன் முகமூடியைக் கழற்றி, மூக்குக்கு மட்டும் சின்னக் குழாய் வைத்திருந்தார்கள். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டான்.

"மச்சான், எத்தனை கொட்டகை நம்மளுது?" என்று அவனாகவே கேட்டான்.

"ஆறு மாப்ள."

"ஆறுதான்" என்றான். திருப்தியாகக் கொஞ்ச நேரம் மூச்சு விட்டான். கட்டில் விளிம்பைத் தடவி என் விரலைப் பிடித்துக்கொண்டான். என்னால் உடனே பேச முடியவில்லை. சளி பிடித்திருந்தது.

"வெளிய யாரு யாரு இருக்கறாங்க?"

"எல்லாரும் இருக்கறாங்க. நவநீதகிருஷ்ணனும் இருக்கறாரு."

"அவன் எதுக்கு வந்தான்?" குரலில் நல்ல தெம்பு இருந்தது. பக்கத்து மானிட்டரில் நாடித் துடிப்பு ஏறியது. பிறகு வேறு ஏதோ ஞாபகம் வந்து, கண்ணைக் கதவுப் பக்கம் ஓட்டிவிட்டு, குரலைத் தாழ்த்தினான்.

"சென்னிக்குக் கேன் சமாச்சாரம் தெரிஞ்சு போச்சுங்களா?"

"நாமக்கல், சேலம் ரெண்டு ஜில்லாவுக்கும் தெரிஞ்சு போச்சு மாப்ள."

அப்புசாமி கண்ணை மூடிக்கொண்டான். அன்புச்செல்வி கட்டிலுக்கு வந்து, "என்னாங்க ஐயா, எப்டி இருக்கு? பதினோரு மணிக்கு வார்டுக்கு மாத்தச் சொல்லிட்டாங்க மேடம்" என்றாள்.

"கண்ணு, நெஞ்சு ஒரு மாதிரியா இருக்குதும்மா" என்றான் அப்புசாமி. "இன்னும் ரெண்டு நாள் இங்கயே வெச்சுக்கச் சொல்லேன்."

அவள் மானிட்டரைப் பார்த்தாள், நாடியைப் பிடித்துப் பார்த்தாள், ஒன்றுமில்லை என்று எழுதிக்கொண்டாள். சரியாகப் பதினோரு மணிக்குக் கட்டிலை உருட்டினார்கள். கதவைத் திறந்தபோது வாசலில் எல்லோருக்கும் முன்னால், புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு சென்னியம்மாள் நின்றிருந்தாள்.